காற்றுக்கு ஒரு மகள். மழைக்கு ஆயிரம் பொற்கொல்லர்!

“ஊழ்” என்று ஒரு சொல் சொல்லிவிட்டால் போதும். கேட்க வந்த வாய் மூடிக்கொள்கிறது. ஏழை பட்டினி கிடந்தால் ஊழ். எளியவன் கொலையுண்டால் ஊழ். அரசன் தவறிழைத்தாலோ, அதுவும் ஊழ்! குற்றவாளியின் பெயரை மறைக்க இதைவிட வாய்ப்பான திரை உலகில் நெய்யப்படவில்லை. ஆகவேதான் அரச குலங்களின் கதைகளைப் படிக்கும்போது நாம் இரண்டு கேள்விகளைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். முடிவு செய்தவன் யார்? விலை கொடுத்தவன் யார்?

கிரேக்கரின் பழங்கதைகளில் அரச குலத்துக்குப் பஞ்சமில்லை. அந்தக் குலங்களின் அழிவுக்கும் பஞ்சமில்லை. தாந்தலஸ் என்ற மன்னன் பெற்ற மகனையே வெட்டித் தேவர்களுக்கு விருந்து படைத்தான். தேவர்களால் உயிர் மீண்ட அந்த மகன் பெலாப்ஸ், தேரோட்டப் பந்தயத்தில் தன்னை வெல்லச் செய்த மிர்த்திலஸைக் கடலில் தள்ளிக் கொன்றான். சாகும்போது மிர்த்திலஸ் அந்தக் குலத்தையே சபித்தான். பெலாப்ஸின் மகன் அத்ரியூஸ், தம்பி தயெஸ்டிசுக்கு அவனுடைய குழந்தைகளின் ஊனையே உணவாக்கினான். அத்ரியூஸின் மகன் அகமெம்னான். அவனை அவன் மனைவி கிளைட்டெம்னெஸ்ட்ரா கொன்றாள். அவளை அவள் மகன் ஒரெஸ்டிஸ் கொன்றான். தலைமுறை தலைமுறையாகக் குருதிக்குக் குருதி! தீப்ஸ் நகரத்து ஈடிபஸ் குலத்தின் கதையும் இத்தகையதே. தந்தையைக் கொல்வான், தாயை மணப்பான் என்று பிறக்குமுன்பே குறி சொல்லிவிட்டார்கள். அவன் தப்பி ஓடிய வழியே அவனை அங்கே கொண்டுவந்து சேர்த்தது.

இவையெல்லாம் சாபத்தின் விளைவு என்று சொல்லி ஏட்டை மூடிவிடலாம். ஆனால் எஸ்கிலஸ் என்ற நாடக ஆசிரியன் மூடவிடவில்லை. கி.மு. 458-இல் ஏதென்ஸ் நகரில் மேடையேறிய அவனுடைய மூன்று தொடர் நாடகங்களில், அகமெம்னான் செய்தது என்ன என்பதைத் திரை விலக்கிக் காட்டுகிறான். டிராய் நாட்டின்மீது படையெடுக்கக் கப்பல்கள் ஆலிஸ் துறையில் நிற்கின்றன. காற்று ஒத்துழைக்கவில்லை. “உன் மகள் இஃபிஜீனியாவைப் பலியிடு, காற்று வழிவிடும்” என்கிறான் குறிகாரன். தந்தை தயங்குகிறான், இரு பக்கமும் எண்ணிப் பார்க்கிறான், பிறகு மகளைப் பலிபீடத்தில் ஏற்றுகிறான். எண்ணிப் பார்த்துச் செய்தான் என்றால் அது சாபமா, முடிவா? முடிவுதான்! படை நடத்தும் பெருமையையும் மகளின் உயிரையும் தராசில் வைத்து, மகள் இலேசானவள் என்று கண்டான் அந்த மன்னன்.

கிரேக்கத்தை விட்டு நம் மண்ணுக்கு வருவோம். மேகமலை அடிவாரத்தில், சண்முகாநதி அணையின் அருகே இருக்கும் இராயப்பன்பட்டிக்காரர்களாகிய நமக்கு, நம் அரச குலத்துக் கதை ஒன்று தொலைவில் இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் மேற்குச் சுவராக நிற்கும் மலைமீது மங்கலதேவி கண்ணகி கோயில் இருக்கிறது. மதுரையை எரித்த கண்ணகி வையைக் கரை வழியே மேற்கே நடந்து மலையேறினாள் என்கிறது சிலப்பதிகாரம்; அந்த இடம் இதுவே என்று 1963-இல் ஆய்வாளர் சி. கோவிந்தராசனார் எடுத்துக் காட்டினார். ஆண்டுக்கு ஒருமுறை, சித்திரை முழுநிலவு நாளில், பளியன்குடிக் காட்டு வழியே மக்கள் ஏறிச் செல்கின்றனர். ஏறுவோர் அனைவரும் அறிந்த கதை அது. ஆனால் அதன் ஒரு பக்கத்தை நாம் பேசுவதே இல்லை.

பேசும் பக்கத்தை முதலில் பார்ப்போம். அரசியின் சிலம்பைத் திருடிய பொற்கொல்லன், கோவலனைக் கள்வன் என்று காட்டிக் கொடுக்கிறான். அரசியின் ஊடலைத் தணிக்கப் போகும் அவசரத்தில் இருந்த பாண்டியன் நெடுஞ்செழியன், விசாரணை என்று ஒரு சொல் இல்லாமல், கொன்று சிலம்பைக் கொண்டுவர ஆணையிடுகிறான். கோவலன் வெட்டுண்டு விழுகிறான். கண்ணகி அவைக்கு வருகிறாள். அழுது புலம்பவில்லை, சான்று கேட்கிறாள், சான்று காட்டுகிறாள். உன் சிலம்பின் பரல் முத்து; என் சிலம்பின் பரல் மாணிக்கம். உடைத்தாள், மாணிக்கம் தெறித்தது. கள்வன் தானே என்று மன்னன் தனக்கே தீர்ப்பளித்து உயிர் விட்டான். குடிமகள் ஒருத்தி முடிமன்னனைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திய இந்தக் காட்சிக்கு இணையான காட்சி எந்த நாட்டு இலக்கியத்திலும் எளிதில் கிடைக்காது. 1968-இல் சென்னைக் கடற்கரையில் கண்ணகிக்குச் சிலை எழுப்பியதும், 2001-இல் அது அகற்றப்பட்டபோது தமிழர் கொதித்ததும், 2006-இல் மீண்டும் நிறுவப்பட்டபோது மகிழ்ந்ததும் இந்தக் காட்சிக்காகவே.

இனி, பேசாத பக்கம்.

மன்னன் மாண்ட பிறகு மதுராபதித் தெய்வம் தோன்றிக் கண்ணகியிடம் வேறொரு காரணம் சொல்கிறது. முற்பிறப்பில் கோவலன் பரதன் என்ற பெயரில் இருந்தானாம். சங்கமன் என்ற வணிகனை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொல்வித்தானாம். சங்கமன் மனைவி நீலியின் சாபம்தான் இப்போது பலித்ததாம்! அவையில் மன்னன் தானே ஒப்புக்கொண்ட குற்றத்தைத் தெய்வம் வந்து தள்ளுபடி செய்கிறது. கேட்காமல் கொன்றவன் அரசன் என்ற உண்மை, கொலையுண்டவனே குற்றவாளி என்ற கதையாகிறது.

அதோடு நிற்கவில்லை. பாண்டிய நாட்டில் மழை பொய்த்தது, நோய் பரவியது என்றும், கொற்கையில் இருந்த வெற்றிவேற் செழியன் ஆயிரம் பொற்கொல்லரை ஒரே பகலில் கண்ணகிக்குப் பலியிட்டான், மழை பெய்தது, நோய் நீங்கியது என்றும் அக்காப்பியம் கூறுகிறது. தொடக்கத்தில் உள்ள உரைபெறு கட்டுரை கூறுகிறது. வஞ்சிக் காண்டத்து நீர்ப்படைக் காதையும் ஆயிரவர் பலியைக் கூறுகிறது. திருடியவன் ஒருவன். ஆணையிட்டவன் ஓர் அரசன். மாண்டவர் ஆயிரவர்! அந்த ஆயிரவர் செய்த குற்றம், திருடியவன் செய்த தொழிலைத் தாமும் செய்தது. இது வரலாற்றில் நடந்ததென்று நாம் சாதிக்க வரவில்லை. ஆனால் ஒருவன் பிழைக்கு அவன் பிறந்த கூட்டமே பொறுப்பு என்ற எண்ணம், கண்டனம் ஒன்றும் இன்றிக் காப்பியத்தில் நிற்கிறதே, அதைக் கேட்காமல் விடுவதா? இன்றும் ஊரில் ஒருவன் தவறினால் “அந்தச் சாதியே அப்படி” என்று பேசும் நாக்கு, இந்த எண்ணத்தின் பேரப்பிள்ளை அல்லவா?

அங்கே காற்றுக்கு ஒரு மகள். இங்கே மழைக்கு ஆயிரம் பொற்கொல்லர். பெயர் வேறு, கடல் வேறு, பலிபீடம் ஒன்றே.

மறுப்பைத் தேடி வெளியே போக வேண்டியதில்லை. அதே உரைபெறு கட்டுரை, கொங்கு இளங்கோசர் விழா எடுத்தனர், மழை பெய்தது என்கிறது. இலங்கைக் கயவாகு கோயில் எடுத்து வழிபட்டான், நாடு விளைந்தது என்கிறது. ஒரு துளிக் குருதியும் சிந்தாமல் அங்கெல்லாம் மழை பெய்ததாம்! அப்படியானால் கொற்கையில் மட்டும் ஆயிரம் கழுத்துகள் எதற்கு? நூலின் கணக்கே நூலின் பலியைப் பொய்யாக்குகிறது.

விழாவுக்கும் பலிக்கும் மழை பணிவதில்லை என்பதைக் கம்பம் பள்ளத்தாக்கு நன்றாக அறியும். கண்ணகி கோயில் நிற்கும் அதே மலைத்தொடரில், மேற்கே ஓடிய பெரியாற்றை அணையிட்டு, மலையைக் குடைந்து கிழக்கே திருப்பினர்; 1895-இல் தண்ணீர் வந்தது. கல்லும் சுண்ணாம்பும் தொழிலாளர் உழைப்பும் கொண்டுவந்த தண்ணீர் அது. அம்மையோ, தடுப்பூசியால் ஒழிந்தது. பெரியம்மை உலகை விட்டே நீங்கியதென 1980-இல் உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. எந்தப் பொற்கொல்லன் தலையும் அதற்குத் தேவைப்படவில்லை.

இரு கதைகளும் எங்கே முடிகின்றன என்று பாருங்கள். எஸ்கிலஸின் மூன்றாம் நாடகத்தில், தாயைக் கொன்ற ஒரெஸ்டிஸ் ஏதென்ஸ் மன்றத்தில் நிற்கிறான். குடிமக்கள் வாக்களிக்கின்றனர். வாக்குகள் சரிசமம், அவன் விடுதலை பெறுகிறான். அந்தத் தீர்ப்பிலும் மாசு உண்டு. தாய் வித்தைக் காக்கும் செவிலியே, பெற்றவன் தந்தை மட்டுமே என்ற இழிந்த வாதம் அங்கே ஏற்கப்படுகிறது. ஆயினும் பழிக்குப் பழி என்ற சங்கிலி மன்றத்தில் அறுபடுகிறது. கிரேக்கக் கதை குருதியில் தொடங்கி மன்றத்தில் முடிகிறது. நம் கதையோ மன்றத்தில் உயர்ந்து, குருதியில் சரிகிறது.

இப்படிச் சொல்வதால் சிலப்பதிகாரத்தின் புகழ் குறையுமோ என்று அஞ்சுவோர் உண்டு. அச்சம் வேண்டா. அரசனிடம் சான்று கேட்கக் கற்றுக் கொடுத்த காப்பியம், தன்னிடம் சான்று கேட்பதற்குச் சினம் கொள்ளாது. கண்ணகியின் கேள்வியைப் போற்றுவோர், அவள் பெயரால் பலியிடப்பட்டதாகச் சொல்லப்படும் ஆயிரவருக்காகவும் அதே கேள்வியைக் கேட்க வேண்டும்.

இளைஞர்களே, வரும் சித்திரை முழுநிலவில் மலையேறுங்கள்; மறுப்பில்லை. ஏறும்போது அவைக்களத்துக் கண்ணகியை நினையுங்கள். இறங்கும்போது, கேட்பார் யாருமின்றி மாண்ட அந்தப் பொற்கொல்லரையும் நினையுங்கள். ஊழ் அவர்களைக் கொல்லவில்லை. ஓர் அரசன் கொன்றான்!