மலிவு சாட்டா கார்டு: எங்கே கைகொடுக்கும், எங்கே காலை வாரும்

தி. நகர் ஆடிட்டர் அலுவலகங்களிலும் மயிலாப்பூர் டிடிபி கூடங்களிலும் பத்துப் பன்னிரண்டு வயதான கம்ப்யூட்டர்கள் இன்னும் உழைக்கின்றன. டேலிக்கும் பேஜ்மேக்கருக்கும் அவை தாராளம். கோப்புகள் பெருகி இன்னொரு ஹார்டு டிஸ்க் தேவைப்படும்போதோ, மதர்போர்டில் ஒரு சாட்டா போர்ட் செத்துப்போகும்போதோ, மவுண்ட் ரோட்டை ஒட்டிய ரிச்சி தெருவுக்குப் போய் டிஸ்க் இணைக்கும் போர்ட்களைக் கூட்டித்தரும் மலிவான சாட்டா கார்டு ஒன்றை வாங்கிவந்து செருகுகிறார்கள். ஓடுகிற பெட்டியைக் குப்பைக்கு அனுப்பாமல் காப்பாற்றும் இந்தப் பழக்கம் நல்ல பழக்கம். கோளாறு கார்டைத் தேர்ந்தெடுக்கும் முறையில் இருக்கிறது.

கடையில் எழும் கேள்விகள் இரண்டு: எத்தனை போர்ட், என்ன விலை. கார்டின் தரத்தை இரண்டுமே சொல்லாது. அதில் பதித்திருக்கும் சிப்பும், அது உட்காரப்போகும் ஸ்லாட்டும்தான் சொல்லும்.

பழைய பிசிஐ ஸ்லாட்டின் மொத்தக் கொள்ளளவு நொடிக்கு 133 எம்பி. அதையும் மற்ற கார்டுகளோடு பங்குபோட வேண்டும். இன்றைய ஒரே ஒரு ஹார்டு டிஸ்க் அதை நிரப்பிவிடும். சின்ன பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட் முதல் தலைமுறையில் 250 எம்பி தரும். இரண்டாம் தலைமுறையில் 500. அட்டைப்பெட்டியில் '6 ஜிபிபிஎஸ்' என்று எவ்வளவு பெரிதாக அச்சிட்டிருந்தாலும் ஸ்லாட் விடுகிற அளவுதான் கிடைக்கும்.

இங்கேதான் பலருடைய காசு வீணாகிறது. எஸ்எஸ்டி வாங்குபவர், அதன் முழு வேகமும் வேண்டுமென்று கூடவே ஒரு கார்டும் வாங்குகிறார். பழைய மதர்போர்டின் சாட்டா 2 போர்ட்டே நொடிக்கு 300 எம்பி தரும். முதல் தலைமுறை ஸ்லாட்டில் செருகிய கார்டோ அதைவிடக் குறைவாகத்தான் தரும்! கம்ப்யூட்டர் சுறுசுறுப்பாகத் தெரிவதற்குக் காரணம் சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை எஸ்எஸ்டி உடனுக்குடன் எடுத்துத் தருவது. ஹார்டு டிஸ்க் அப்படி நொடிக்கு நூறு முறை தேடுவதே பெரிது. எஸ்எஸ்டி ஆயிரக்கணக்கில் தேடும். அந்தப் பலன் பழைய போர்ட்டிலேயே கிடைத்துவிடுகிறது. வேகத்துக்காகக் கார்டு வாங்குவது, ஆகவே, பெரும்பாலும் தேவையற்ற செலவு.

போர்ட் பழுதானவர்களின் கதை வேறு. 2011 ஜனவரி 31 அன்று இன்டெல் தன் 6 வரிசை சிப்செட்டில் குறை இருப்பதாக அறிவித்து, அனுப்புவதை நிறுத்தியது. 3 ஜிபிபிஎஸ் போர்ட்கள் நாளடைவில் தேய்ந்துபோகலாம் என்பதே குறை. 6 ஜிபிபிஎஸ் போர்ட்கள் இரண்டுக்கும் பாதிப்பில்லை. அந்தச் சிப்செட்டோடு மாற்றப்படாமல் விடுபட்ட போர்டு எங்காவது ஓடிக்கொண்டிருந்தால், அதற்கு ஒரு மலிவு கார்டு சரியான மருந்து.

அந்த மருந்திலும் போலி உண்டு. அசலுக்கு உதாரணம் ஏஎஸ்மீடியாவின் ஏஎஸ்எம் 1061 சிப். அதற்கு இரண்டே போர்ட்கள். விண்டோஸும் லினக்ஸும் தங்களிடமுள்ள பொது டிரைவரைக் கொண்டே அதை இயக்கிவிடும். ஆனால் ஒரு போர்ட்டைப் பலவாகப் பிரிக்கும் சிப்பைச் சேர்த்து, எட்டு, பத்து போர்ட் என்று விற்கும் கார்டுகளும் சந்தையில் இருக்கின்றன. அவற்றில் ஒரு டிஸ்க் திணறினால் அதே வழியில் தொங்கும் மற்றவையும் திணறலாம். செகண்ட்ஹேண்டில் வரும் சிலிக்கான் இமேஜ் 3112 சிப் இன்னும் மோசம். சில சீகேட் டிஸ்க்குகளோடு அதற்கு எழுதும்போது தகராறு வந்ததால், லினக்ஸ் டிரைவர் அந்த மாடல்களைப் பட்டியலிட்டு வேகத்தைக் குறைத்து ஓட்டுகிறது. பத்து வருடக் கணக்கை அதை நம்பி வைப்பதா?

சர்வர்களிலிருந்து கழற்றிய எல்எஸ்ஐ கார்டுகளுக்கும் ரசிகர்கள் உண்டு. உறுதியானவை, எட்டு டிஸ்க் தாங்கும். ஆனால் அவை சர்வரின் பலமான காற்றோட்டத்துக்காகச் செய்யப்பட்டவை. ஏசி இல்லாத அடையாறு வீட்டு அறையில், மே மாத வெயிலில், தனியாக ஒரு ஃபேன் வைக்காமல் அவற்றை ஓட்டக் கூடாது.

சில மலிவு கார்டுகள் வழியே பழைய கம்ப்யூட்டர் பூட் ஆகாது. ஆகவே இயங்குதளம் மதர்போர்டின் போர்ட்டிலேயே இருக்கட்டும். கூடுதல் டிஸ்க் மட்டும் கார்டுக்குப் போகட்டும். வாங்கும்போது சிப்பின் பெயரைக் கார்டைத் திருப்பிப் பார்த்துப் படியுங்கள், ஹீட்சிங்க் மறைத்திருந்தால் கடைக்காரரிடம் கேளுங்கள். பெயர் சொல்லத் தயங்கினால் அடுத்த கடைக்குப் போங்கள். கார்டைச் செருகுவதற்கு முன் கோப்புகள் அனைத்தையும் வேறொரு டிஸ்க்கில் நகலெடுத்து வையுங்கள்.