பஞ்சமத்தின் உயரம்

சட்ஜம் நொடிக்கு 200 அதிர்வு என்று வைத்துக்கொண்டால் பஞ்சமம் 300, மேல் சட்ஜம் 400. எண்களைப் பார்த்தால் பஞ்சமம் நட்டநடுவில் இருக்கிறது. காது இதை ஒப்புக்கொள்ளாது. பஞ்சமம் பாதி வழியைத் தாண்டிவிட்டது என்றே சொல்லும். அதிர்வுகளின் வித்தியாசத்தை அல்ல, விகிதத்தையே காது அளக்கிறது. 200இலிருந்து 400க்கு ஏறினாலும் 400இலிருந்து 800க்கு ஏறினாலும் அதற்கு ஒரே ஒரு ஸ்தாயிதான்.

அப்படியானால் சா–பா இடைவெளி ஒரு ஸ்தாயியில் எவ்வளவு? 2ஐ எந்த அடுக்குக்கு உயர்த்தினால் 1.5 வரும் என்பதே கேள்வி. அந்த அடுக்கை ‘அ’ என்போம். அடுக்கு 0 என்றால் 1 வரும். 1 என்றால் 2 வரும். விடை இடையில் எங்கோ இருக்கிறது. ஆனால் மேலே ஏறி உட்கார்ந்திருக்கும் ‘அ’வை நான்கு அடிப்படைச் செயல்களில் எதைக் கொண்டும் இறக்க முடியாது. இருபுறமும் லாக் எடுத்தால் இறங்கிவிடுகிறது:

அ × லாக் 2 = லாக் 1.5

நின்று ரசிக்க வேண்டிய வரி இது. லாக் பெருக்கலைக் கூட்டலாக்கும். அடுக்கு என்பது ஓர் எண்ணைத் திரும்பத் திரும்பப் பெருக்குவது; லாக் பட்டதும் அது திரும்பத் திரும்பக் கூட்டுவதாகிறது. அதாவது, வெறும் பெருக்கல். எட்டாத இடத்தில் இருந்த ‘அ’ இப்போது சாதாரணக் காரணி. மிச்சம் ஒரு வகுத்தல்தான். நான்கு இலக்க லாக் டேபிளில் 15ஆம் வரிசையின் தொடக்கத்தில் 1761, 20ஆம் வரிசையின் தொடக்கத்தில் 3010. 0.1761ஐ 0.3010ஆல் வகுத்தால் 0.585. காது சொன்னது சரி: பாதிக்கு மேல்தான்.

இன்னொரு நயம், இந்த விடை எந்த லாக்குக்கும் கட்டுப்பட்டதல்ல. ஹென்றி பிரிக்ஸ் 1624இல் 14 தசம இலக்கம் வரை கணித்து வெளியிட்ட 10 அடிமான லாக்கை எடுத்தாலும் சரி, கால்குலேட்டரின் இயல் லாக்கை எடுத்தாலும் சரி, மேலும் கீழும் மாறும், ஈவு மாறாது.

அந்த ஈவு 0.58496… என்று முடிவில்லாமல் நீள்கிறது. பின்னமாக ஏன் அமையவில்லை? ‘அ’ = ப/ம என்ற பின்னம் என்றே கொள்வோம். 1.5 என்பது 3/2 என்பதால், 2இன் அடுக்கு (ப+ம), 3இன் அடுக்கு ம-வுக்குச் சமமாக வேண்டும். 2ஐ எத்தனை முறை பெருக்கினாலும் இரட்டைப்படை; 3ஐ எத்தனை முறை பெருக்கினாலும் ஒற்றைப்படை. கதை முடிந்தது. இவ்வளவு குறைந்த செலவில் இவ்வளவு பெரிய மறுப்பு கணிதத்திலும் அபூர்வம்.

சரியான பின்னம் இல்லையென்றால் நெருங்கிய பின்னங்கள் உண்டு: 3/5, அதைவிட நெருக்கமாக 7/12. அடியில் இருக்கும் 5ஐயும் 12ஐயும் பாருங்கள். சட்ஜத்திலிருந்து பஞ்சமத்துக்குப் பஞ்சமம் தாவினால் சா, பா, ரி, தா, கா என்று மோகனத்தின் ஐந்து சுரங்கள் விழுகின்றன. பன்னிரண்டு முறை தாவினால் மீண்டும் சட்ஜத்துக்கு ஏறக்குறைய வந்துவிடுகிறோம், ஸ்வரஸ்தானங்களும் பன்னிரண்டு. ஏறக்குறையத்தான்: 1.5ஐப் பன்னிரண்டு முறை பெருக்கினால் 129.75, ஏழு ஸ்தாயிக்கு 128. இந்த மிச்சம் ஓர் அரைச்சுரத்தில் கால்வாசிக்குச் சற்றுக் குறைவு.

கீபோர்டு இந்த மிச்சத்தைப் பன்னிரண்டு பஞ்சமங்களுக்கும் பங்கிட்டு, ‘அ’வை 7/12 என்றே வைத்துக்கொள்கிறது. அதன் பஞ்சமம் 300 அல்ல, 299.66. சட்ஜத்தோடு சேர்த்து அழுத்திப் பிடித்தால், சட்ஜத்தின் மூன்றாம் சீரிசை (அதிர்வின் மூன்று மடங்கு) 600. பஞ்சமத்தின் இரண்டாம் சீரிசை (இரண்டு மடங்கு) 599.32. இரண்டும் உரசி மூன்று நொடிக்கு இரண்டு முறை மெல்ல அலையடிக்கும். சுத்தமாகச் சுருதி சேர்த்த தம்புராவில் அந்த அலை கிடையாது. கூர்ந்து கேட்பவர் காதில் விழும் அந்த வேறுபாட்டுக்கு, இரட்டைப்படை ஒற்றைப்படைக்குச் சமமாகாது என்பதைத் தவிர வேறு காரணம் இல்லை.