சிறை நோயும் நமது எழுத்தாளரும்

தமிழில் சிறையைப் பற்றிய எழுத்துக்குக் குறைவில்லை. சிறை சென்றவர் எழுதியதும் உண்டு; சென்றவரைப் புகழ்ந்து பிறர் எழுதியது அதனினும் மிக உண்டு. இவற்றை வாசிக்குந்தோறும் நமக்கு ஒரு மனக்குறை தோன்றுகிறது. சிறையில் வந்த நோயை நம்மவர் தியாகத்தின் ஆபரணமாக வருணிக்கின்றனரேயன்றி, அந்நோய்க்கு மருந்து கொடுக்க வேண்டியவர் யார், அவர் கொடுத்தாரா என்று கேட்போர் அரியர்.

சுப்பிரமணிய சிவாவின் கதையையே எடுத்துக்கொள்வோம். 1908 இல் வ. உ. சிதம்பரம் பிள்ளையுடன் தண்டிக்கப்பட்ட அவர், 1912 இல் வெளிவந்தபோது தொழுநோயாளி. அந்நோயுடனேயே ஊர் ஊராய்த் திரிந்து உழைத்து, 1925 இல் பாப்பாரப்பட்டியில் மாண்டார். இச்சரித்திரத்தைச் சொல்வோர் பெரும்பாலோர், நோயைச் சிறை அளித்த பரிசென்று அலங்காரமாகக் கூறி அப்பாற் செல்கின்றனர். 1961 இல் வந்த ‘கப்பலோட்டிய தமிழன்’ படமும் அவ்வண்ணமே. விடுதலையாகி வரும் சிதம்பரனாரை நோயால் உருக்குலைந்த சிவா எதிர்கொள்ளும் காட்சியில் நெஞ்சுருகாதார் இலர், நாமும் உருகினோம். ஆயினும் அழுகை ஓய்ந்தபின் எஞ்சுவது யாது? சிவா பெரியவர் என்னும் எண்ணம் எஞ்சுகிறது. சிறை வைத்தியசாலையைப் பற்றி ஒரு கேள்வியும் எஞ்சவில்லை.

அக்காலத்தில் தொழுநோய்க்கு உறுதியான மருந்தேது என்று சிலர் ஆட்சேபிக்கலாம். மெய்தான், அதனைத் தீர்க்கவல்ல மருந்துகள் 1940களிலேதான் வரத் தொடங்கின. அந்நோய் உடலிற் புகுந்து வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகலாமாகையால், சிறையிலேதான் தொற்றிற்று என்று அறுதியிடவும் இயலாது. ஆனால் நோயை உரிய காலத்திற் கண்டறிவதும், நோயாளியைக் கடின வேலையினின்று விலக்குவதும், புண்ணைக் கழுவிக் கட்டுவதும் அன்றும் இயலாதவை அல்லவே! இவற்றையன்றோ நம் எழுத்தாளர் விசாரித்திருக்க வேண்டும்? சிதம்பரனாரோ தாம் உண்ட உணவையும், செய்த வேலையையும், அதிகாரிகளின் நடத்தையையும் தமது சுயசரிதையில் தாமே பதிந்து வைத்தார். அனுபவித்தவர் கணக்கெழுதினார், பின்வந்தோர் மாலை சூட்டினர். தோட்டத்தில் கிராணி வேலை பார்க்கும் நமக்கு, முன்னதே உயர்ந்த இலக்கியமாகத் தோன்றுகிறது.

இக்குறை தேசியவாதிகளுக்கு மட்டும் உரியதன்று. சீர்திருத்தக்காரராகிய நம்மிடமும் உண்டு. இந்தி எதிர்ப்பிற் சிறைப்பட்ட நடராசன் 1939 ஜனவரியிலும், தாளமுத்து அவ்வாண்டு மார்ச்சிலும் நோயுற்று மாண்டனர். அவர்கள் பெயரை மேடைதோறும் முழங்கினோம். அவர்களுக்கு வந்த நோய் எது, வைத்தியர் எப்போது பார்த்தார் என்பதை நம்மில் எத்தனை பேர் எழுதினோம்?

தியாகம் என்னும் ஒரே சொல்லால் நோயை அளப்பதில் விளையும் தீங்கு யாதெனில், தியாகி அல்லாத கைதிக்கு நம் எழுத்தில் இடமில்லாமற் போவதே. நாம் வாழும் பூச்சோங்கிற்கு அண்மையிலுள்ள கோலாலம்பூரில், டாங் வாங்கி போலீஸ் காவலறையில், 2012 செப்டம்பரில் ஒரு தமிழர் மாண்டார். அவர் எக்கொடியும் ஏந்தியவரல்லர்; அவ்வழக்கில் தண்டனை பெற்றவருமல்லர்; இருதய நோயாளி. அவருக்குச் சிகிச்சை அளிக்கப் போலீஸார் தவறினர் என்று மரண விசாரணை மன்றம் 2013 இல் முடிவு கூறிற்று. காவலில் வைக்கப்படுவோரை வைத்திய அதிகாரி விரைவிற் பரிசோதிக்க வேண்டுமென்னும் விதி இந்நாட்டில் 1953 முதலே ஏட்டில் இருக்கிறது. வெளியிலுள்ளோர் பெறும் அதே தரத்தில், கட்டணமின்றி, கைதிக்கும் வைத்தியம் வேண்டுமென்று ஐக்கிய நாடுகள் சபை 2015 இல் மண்டேலாவின் பெயரால் ஏற்ற விதிகளும் கூறுகின்றன. விதிக்குப் பஞ்சமில்லை. விதி நிறைவேறிற்றா என்று கேட்கும் எழுத்துக்கே பஞ்சம்.

தோட்டத்தில் ஒரு தொழிலாளிக்கு நெஞ்சு வலித்தால் அவன் ஆஸ்பத்திரிக்கு ஓடலாம். ஒரு டாக்டர் கைவிட்டால் வேறொருவரை நாடலாம். கைதிக்கோ கதவு பூட்டியிருக்கிறது. சாவியும் மருந்தும் ஒருவர் கையிலேயே இருக்கின்றன. ஆகையால் அவனுக்கு மருந்தளிப்பது கருணையன்று, பூட்டியவரின் கடமை. அவன் திருடனாயினும் தேசபக்தனாயினும் இக்கடமையில் பேதமில்லை. சிறையைப் பற்றி இனி எழுதப் புகும் நண்பர்கள், கைதியின் பொறுமையைப் பாடுமுன் அவனுக்கு மருந்து கிடைத்ததா என்று விசாரித்து எழுதுவார்களாக.