'இங்கே வா' முதல் இயந்திர ஆசான் வரை

மலைநாட்டில் அந்நிய மொழி கற்பது புதிய செய்தி அன்று. ஆனால் யார் கற்றார்கள், எதற்காகக் கற்றார்கள் என்று தோட்டங்களின் வரலாற்றைக் கேட்டால் கிடைக்கும் விடை கசப்பானது. இன்று ஹற்றனிலும் நுவரெலியாவிலும் லயத்து அறைகளில் வளர்ந்த இளைஞர்கள் கைத்தொலைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் சாதனங்களைத் துணைக்கொண்டு ஆங்கிலமும் கொரிய மொழியும் பயில முனைகின்றனர். இச்சாதனங்களைப் போற்றுவோரும் தூற்றுவோரும் அவை எவ்வளவு விரைவாகக் கற்பிக்கின்றன, எத்தனை பிழை விடுகின்றன என்பதையே பேசுகின்றனர். நாம் கேட்க விரும்புவது வேறொன்று: அவை கற்பிப்பது யாருடைய வாக்கியங்களை?

இக்கேள்வி எழுவதற்கு மலைநாட்டிலேயே ஒரு முன்வரலாறு உண்டு. தோட்டத்துரைமார் தமிழ் கற்பதற்கென்றே கொழும்பில் கையேடுகள் அச்சாயின. ஏ. எம். பெர்குசனின் கையேட்டுக்குப் பெயர் 'இங்கே வா'. சின்னத்துரையின் சட்டைப்பைத் தமிழ் வழிகாட்டி என்பது அதன் துணைப்பெயர். 1915இல் வெளிவந்த டபிள்யூ. ஜி. பி. வெல்ஸின் நூலுக்குப் பெயர் 'கூலித் தமிழ்'. இவற்றின் நோக்கத்தை அறிய அட்டையே போதும். 'வாருங்கள்' என்று அன்று, 'வா' என்றே தொடங்குகிறது துரையின் தமிழ். தன் தந்தையின் வயதொத்த தொழிலாளியை அழைக்க ஓர் இளம் சின்னத்துரைக்கு அச்சொல் போதுமெனக் கருதப்பட்டது. நாட்டின் பெயராலும் இனத்தின் பெயராலும் மொழிகள் வழங்குவதை நாம் அறிவோம். ஒரு மொழியைக் கூலியின் பெயரால் அழைத்தது தோட்டத்துரைத்தனம். ஏவுவதற்கு ஒரு மொழி வேண்டியிருந்தது. அந்த அளவுக்கு மொழி கற்பிக்கப்பட்டது.

இதற்கு நேர்மாறாக அந்நிய மொழியைக் கையாண்டவர் சி. வி. வேலுப்பிள்ளை. தொழிற்சங்கவாதியாகிய அவர் 1947இல் தலவாக்கலைத் தொகுதியிலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தெரிவானார். அடுத்த ஆண்டே வந்த குடியுரிமைச் சட்டம் அவருடைய மக்களை நாடற்றோராக்கியது. 'இன் சிலோன்ஸ் டீ கார்டன்' என்னும் ஆங்கிலக் கவிதை நூலில் அவர் துரையின் மொழியைக் கொண்டே தோட்டத்தின் துயரத்தை உலகறியச் செய்தார். ஆங்கிலம் கற்றதனால் அவர் தம் மக்களின் மொழியைத் துறக்கவில்லை. மலைநாட்டு நாட்டார் பாடல்களைத் தேடித் தொகுத்தவரும் அவரே. துரை கற்ற தமிழ் வாய்களை அடைத்தது. வேலுப்பிள்ளை கற்ற ஆங்கிலம் வாயற்றோருக்காகப் பேசியது.

இவ்விரண்டில் எந்த வழியில் செல்கிறது இன்றைய இயந்திர ஆசான்?

அதன் நன்மைகளை நாம் மறுக்கவில்லை. தவறாக உச்சரிக்கும் பிள்ளையைப் பார்த்து அது நகைப்பதில்லை. நூறு முறை கேட்டாலும் சலிப்பதில்லை. பட்டணத்துத் தனியார் வகுப்புக்குச் செல்ல வழியற்ற மாணவிக்கு இரவு பத்து மணிக்கும் அது விடை தருகிறது. ஆங்கில ஆசிரியர் கிடைக்காத பிள்ளைகளிடம், இயந்திரத்தைத் தொடாதீர்கள் என்று உபதேசிப்பது வசதி படைத்தோரின் ஆடம்பரமே.

ஆனால் குறைகளும் உண்டு. 2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதிலிருந்து பரவியுள்ள இச்சாதனங்கள், பெரும் எழுத்துக் குவியலைப் படித்து, எந்தச் சொல்லின் பின் எந்தச் சொல் வரக்கூடும் எனக் கணித்தே பேசுகின்றன. அக்குவியலில் ஆங்கிலம் மலையளவு, தமிழ் குன்றளவு, மலைநாட்டுத் தமிழோ ஒரு பிடி மண். பெரட்டு, கொழுந்து, லயம் என்னும் சொற்களோடு ஒரு மாணவி தன் தாயின் ஒரு நாளை ஆங்கிலத்தில் எழுத முனைந்தால், சாதனம் இடறக்கூடும். இடறியதை உணராமல் பிழையை உறுதியோடு உரைக்கவும் கூடும். செலவும் சிறிதன்று. இலவசப் பயன்பாட்டுக்கு எல்லையுண்டு. 2024இல் சாட்ஜிபிடியின் வழக்கமான மாதச் சந்தா 20 டொலராக இருந்தது. டொலரை 300 ரூபாயாகக் கொண்டால் அது 6,000 ரூபாய். 2024 செப்டெம்பரில் நிர்ணயிக்கப்பட்ட 1,350 ரூபாய் அடிப்படை நாட்கூலியின்படி, நான்கு நாட்களுக்கு மேல் கொழுந்து பறித்த உழைப்பு.

இவற்றினும் பெரிய குறை, கற்பதன் நோக்கத்தை வேறொருவர் வகுப்பது. தொழிலாளரை அனுப்புவதற்கு இலங்கை 2004இல் தென்கொரியாவுடன் உடன்பாடு செய்துகொண்டது. அவ்வழியில் செல்ல விரும்புவோர் கொரிய மொழிப் பரீட்சையில் தேற வேண்டும். வாசித்தலும் கேட்டலுமே அதன் இரு பகுதிகள். கட்டளையை வாசிக்கவும் கேட்கவும் அறிந்தவன் தேறிவிடலாம். மறுமொழி சொல்ல அவனுக்குத் தெரியுமா என்பதை அது கேட்பதில்லை. பரீட்சையை மட்டும் குறியாகக் கொண்டு இயந்திரத்தை அணுகினால் அதுவும் அந்த அளவுக்கே கற்பிக்கும். அன்று துரை 'இங்கே வா' என்று சொல்லக் கற்றான். இன்று தொழிலாளியின் மகன் அதே சொல்லை அந்நிய மொழியில் விளங்கிக்கொள்ளக் கற்கிறான். இதற்கு முன்னேற்றம் என்று பெயரிட நமக்கு மனம் வரவில்லை.

எனினும் ஒரு வேறுபாடு உண்டு. நம்பிக்கைக்கு இடம் அங்கேதான். அச்சிட்ட கையேடு தன் வாக்கியங்களை மாற்றிக்கொள்ளாது. இச்சாதனமோ கேட்பவர் கேட்கும் வாக்கியத்தைத் தரும். ஆகவே எதைக் கேட்பது என்று பழக்குவதே ஆசிரியரின் பணி. 'என் சம்பளத்தில் ஏன் குறைத்தீர்கள்?', 'ஒப்பந்தத்தின் பிரதியைத் தாருங்கள்', 'இந்த இயந்திரத்துக்குப் பாதுகாப்பு மறைப்பு எங்கே?' என்ற வாக்கியங்களை மாணவர் முதலில் கேட்டுப் பயிலட்டும். கொரிய மொழியிலும் தமிழைப் போலவே வினைமுடிவில் மரியாதை வேறுபடும். 'வா'வுக்கும் 'வாருங்கள்'க்கும் உள்ள தூரத்தைத் தோட்டத்தில் பிறந்தவருக்கு எவரும் விளக்க வேண்டியதில்லை. தன்னை எவ்வடிவால் அழைக்கிறார்கள் என்று அவர் அந்நிய மொழியிலும் அறிந்துகொள்ளட்டும். இயந்திரம் தந்த விடையை வகுப்பு கூடி ஆராயட்டும். அம்மொழி அறிந்த ஒருவரிடம் சரிபார்க்கட்டும்.

கட்டளைக்குக் கீழ்ப்படிய மட்டும் ஒரு மொழியைக் கற்றவன் அம்மொழியில் இன்னும் கூலியே. கேள்வி கேட்கக் கற்ற அன்றுதான் அம்மொழி அவனுக்குச் சொந்தமாகிறது. இயந்திரம் எதுவாயினும், அந்த முதற் கேள்வியை மாணவர் நாவில் வைக்கவேண்டியவர் ஆசிரியரே.