தள்ளி நிற்கும் அழகு

கடலூர், சிதம்பரம்காரர்களுக்குப் பெரிய கப்பல் என்றாலே தூரத்தில் நிற்பதுதான். கடலூர் முதுநகரில் இருப்பது நங்கூரத் துறைமுகம். முன்பெல்லாம் சரக்குக் கப்பல் கடலுக்குள்ளேயே நின்றுகொண்டது, படகுகள் போய்ச் சரக்கை இறக்கிவந்தன. 2025 ஜூலையில் புதுச்சேரிக்கு வந்த கோர்டீலியா சொகுசுக் கப்பலும் அப்படித்தான். 1990-இல் ஓடத் தொடங்கிய, 200 மீட்டருக்கும் நீளமான கப்பல் அது. வெளியே நங்கூரம் போட்டது. பயணிகள் படகேறிக் கரைக்கு வந்தார்கள்.

கப்பல் வருவதில் ஒரு வரிசை உண்டு. முதலில் புகைபோக்கியும் மேல்தளமும்தான் தெரியும். உடம்பைப் பூமியின் வளைவு மறைத்திருக்கும். நெருங்க நெருங்க முழுசாக எழுந்துவரும். நங்கூரம் விழுந்த பிறகும் சும்மா நிற்பதில்லை. கட்டிப்போட்ட யானை மாதிரி, காற்றும் நீரோட்டமும் தள்ளுகிற பக்கம் மெல்லத் திரும்பும். பக்கத்தில் ஒரு மீன்பிடிப் படகு கடந்துபோனால்தான் அதன் உயரம் உறைக்கும்.

நம் கரையில் காலைச் சூரியன் கப்பலுக்குப் பின்னால் இருக்கும். கறுப்பு உருவம்தான் கிடைக்கும். ஜன்னல் ஜன்னலாகப் பார்க்க ஆசையென்றால் மூன்று மணிக்கு மேல் போங்கள். வெயில் நம் முதுகில், வெளிச்சம் அதன் முகத்தில்.