எல்லாம் தெரிந்த நெப்போலியன்

1815 ஜூன் 18 அன்று வாட்டர்லூவில் நெப்போலியன் ஏன் தோற்றார் என்பதற்கு நூல்கள் பல காரணங்களைச் சொல்கின்றன. முந்தின இரவு கொட்டிய மழையால் நிலம் சேறாகி, தாக்குதல் நண்பகல்வரை தள்ளிப்போனது. பிரஷ்யரைத் துரத்தப் போன பிரெஞ்சு மார்ஷல் குரூஷியின் சுமார் 33,000 வீரர்கள் களத்துக்குத் திரும்பவில்லை. துரத்தப்பட்ட பிரஷ்யரோ புளூக்கரின் தலைமையில் கிழக்கிலிருந்து வந்து சேர்ந்தார்கள். படிக்கும்போது இவை வெறும் காரணங்கள். போர் ஆட்டமாகப் பலகையில் ஆடும்போது ஒவ்வொன்றும் கழுத்தை நெரிக்கிறது.

எஸ்.பி.ஐ. நிறுவனம் 1971-இல் வெளியிட்ட ‘நெப்போலியன் அட் வாட்டர்லூ’ இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஜிம் டன்னிகன் வடிவமைத்த எளிய ஆட்டம். ‘ஸ்ட்ராட்டஜி அண்ட் டாக்டிக்ஸ்’ இதழின் புதிய சந்தாதாரர்களுக்கு இலவசமாகவே தரப்பட்டது. அறுகோணக் கட்டங்கள், எண் அச்சிட்ட அட்டைக் காய்கள், ஒரு பகடை, அவ்வளவுதான். எதிரிக் காயை ஒட்டிய கட்டத்தில் நுழைந்தால் நின்றாக வேண்டும். நின்றால் மோதியாக வேண்டும். இரு தரப்புப் பலத்தின் விகிதத்தைக் கணக்கிட்டுப் பகடை உருட்டினால் அட்டவணை முடிவைச் சொல்லும். பின்வாங்க வழியில்லாத காய் அழியும்.

இந்தச் சில விதிகளே காலத்தின் அருமையைப் புரியவைக்கின்றன. பிரெஞ்சுத் தரப்பை ஆடுபவர் பிரிட்டிஷ் தளபதி வெல்லிங்டனின் அணியை உடைக்கப் படைகளைத் திரட்டும்போதே, கிழக்கு ஓரத்தைத் தடுக்கவும் சிலவற்றைப் பிரித்து அனுப்ப வேண்டும். பிளான்செனுவா கிராமத்தைக் காக்க நெப்போலியன் தன் காவற்படையில் ஒரு பகுதியை ஏன் அனுப்பினார் என்பது அப்போது தானாக விளங்கும். எத்தனை வரைபடங்களைப் பார்த்தாலும் இந்தத் தெளிவு கிடைப்பது அரிது.

ஆனால் அதே இடத்தில்தான் ஆட்டம் பொய்யும் சொல்கிறது. பிரஷ்யர் எந்தச் சுற்றில், எந்த ஓரத்தில் வருவார்கள் என்பது விதிப்புத்தகத்திலேயே இருக்கிறது. உண்மை நெப்போலியனைக் கவிழ்த்ததே இதை அறியாததுதான். குரூஷி புளூக்கரைக் கட்டிவைத்திருப்பார் என்று அவர் நம்பினார். எல்லாம் தெரிந்த நெப்போலியன் வென்றால் அதிலிருந்து நாம் என்ன முடிவுக்கு வர முடியும்?

இன்னொரு குறை, காய்களின் அளவுகடந்த கீழ்ப்படிதல். ஊகூமோன் பண்ணை வீட்டைத் தாக்கப் போன நெப்போலியனின் தம்பி ஜெரோம், பிடிவாதமாகப் படைமேல் படையாக அங்கே கொண்டுபோய்க் கொட்டினார். பிற்பகலில் மார்ஷல் நே, காலாட்படையின் துணையின்றிக் குதிரைப்படையை மேட்டின் மீது ஏவினார். சதுர வியூகத்தில் நின்ற பிரிட்டிஷ் அணிகள் அசையவில்லை. அட்டைக் காய்களிடம் இப்படிப்பட்ட வீம்பு கிடையாது. குதிரைப்படை என்பது சற்று வேகமாக நகரும் இன்னொரு காய்; சதுர வியூகம் இங்கே இல்லவே இல்லை. விளைவு, தேர்ந்த ஆட்டக்காரர் போரை மறந்துவிடுகிறார். மூன்றுக்கு ஒன்று என்ற விகிதத்துக்கு இன்னும் ஒரு பலப்புள்ளி எங்கே கிடைக்கும் என்று தேடுகிற கணக்கராகவே மாறிவிடுகிறார்.

எளிமைக்காகச் செய்த சமரசம் என்று இதை ஒதுக்கலாம். நான் முழுதாக ஏற்கமாட்டேன். பிரஷ்ய அதிகாரி ரைஸ்விட்ஸ் 1824-இலேயே தன் போர் விளையாட்டில் நடுவர் ஒருவரை வைத்துவிட்டார். ஆடுபவர் தம் படை காணக்கூடியதை மட்டுமே அறிவார். கட்டளைகளை நடுவரிடம் தர வேண்டும். அதைப் பிரஷ்யப் படைக்குப் பரிந்துரைத்த படைத் தலைமைப் பணியகத்தின் (ஜெனரல் ஸ்டாஃப்) தலைவர் மியூஃப்லிங், வாட்டர்லூவில் வெல்லிங்டனின் பக்கத்தில் தொடர்பு அதிகாரியாக இருந்தவர். புளூக்கரின் வருகைக்காகக் காத்திருந்தவருக்குப் போரில் செய்தி தாமதமாவதன் பொருளைச் சொல்லித்தர வேண்டியதில்லை. பின்னாளில் வந்த மரக்கட்டை ஆட்டங்கள், கட்டையின் எழுத்துள்ள பக்கத்தை எதிராளிக்குக் காட்டாமல் நிறுத்தி, எதிரியைப் பற்றிய அறியாமை என்ற மூடுபனியில் கொஞ்சத்தை மீட்டன.

இன்னொன்று: அன்று 40,000-க்கும் மேற்பட்டோர் மாண்டார்கள் அல்லது காயமுற்றார்கள். பலகையில் அவர்கள் பெட்டிக்குள் திரும்பிப் போகும் அட்டைகள். ஆட்டம் இதை மறைப்பதாக நான் குற்றம்சாட்டவில்லை. அதைச் சொல்லும் வேலையை அது ஏற்கவே இல்லை.

ஆகவே வாங்கி ஆடுங்கள், ஆனால் விதிப்புத்தகம் சொன்னபடி மட்டும் ஆடாதீர்கள். மூன்றாவதாக ஒருவரை உட்காரவைத்து, பிரஷ்யர் எப்போது, எங்கே வருவார்கள் என்பதை அவரே ரகசியமாக முடிவு செய்யட்டும். வராமலே போகலாம் என்பதையும் அவரிடம் சொல்லிவையுங்கள்.