கேளா ஒலி கப்பலைக் காக்குமா?

அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்கு வேலைக்குச் செல்வோரின் பிள்ளைகள் பலர் என் இயற்பியல் வகுப்பில் உண்டு. அவர்களுள் ஒருவன் அண்மையில் ஒரு விளம்பரத்தாளைக் கொணர்ந்தான். கேளா ஒலிக் கருவியைப் பொருத்தினால் கப்பலின் அடிப்பாகத்தில் இனி எந்த உயிரும் ஒட்டாது என்பது அதன் சாரம். “அப்பாவின் தொழிற்சாலையில் எண்ணெய்ப் பிசுக்கேறிய உதிரிப் பாகங்களை இந்த ஒலிதானே சுத்தம் செய்கிறது? கப்பலை மட்டும் ஏன் செய்யாது, சார்?” என்றான். வாசகர்களே, அவனுடைய கேள்வியை நாமும் சற்று ஆராய்வோம்.

கடலில் மிதக்கும் எப்பொருள்மீதும் முதலில் பாக்டீரியாப் படலம் படியும்; பின்னர் பாசியும் கொட்டலசும் குடியேறும். உராய்வு மிகுந்து எரிபொருள் வீணாகும். இதைத் தடுக்க டிரைபியூட்டைல் டின் கலந்த வண்ணம் பூசினர். அதுவோ கடலையே நஞ்சாக்கியது. பிரான்சில் சிப்பிகளின் ஓடுகள் உருக்குலைந்தன. 1982-இல் அந்நாடு சிறு படகுகளுக்கு அதைத் தடை செய்தது. 2008-இல் உலக ஒப்பந்தத் தடையும் நடைமுறைக்கு வந்தது. ஆகவே நஞ்சில்லா வழியைத் தேடுவது நியாயமே.

நொடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட ஒலி நம் செவிக்கு எட்டாது. தொழிற்சாலைத் தொட்டியில் அது நீரை இழுத்தும் அழுத்தியும் நுண்குமிழிகளை உண்டாக்குகிறது. அவை நொறுங்கும் வேகத்தில் அழுக்கு பெயர்கிறது. மெல்லிய அலுமினியத் தாளை அத்தொட்டியில் பிடித்தால், சிறிது நேரத்தில் ஊசித் துளைகள் விழுவதைக் காணலாம்.

இனி ஒரு கணக்கு. தொட்டியின் அடிப்பரப்பு 0.1 சதுர மீட்டர், ஒலித்திறன் 200 வாட் எனக் கொள்வோம். சதுர மீட்டருக்கு 2,000 வாட் ஆகிறது. கப்பலின் நனையும் பரப்பு 2,000 சதுர மீட்டர். அதில் 50 வாட் கருவிகள் பத்து எனக் கொண்டால், சதுர மீட்டருக்குக் கால் வாட்தான்! எட்டாயிரத்தில் ஒரு பங்கு. தொட்டியில் கண்டதைக் கப்பலுக்குச் சான்றாகக் காட்டுவது பொருந்துமா?

கருவியை முற்றிலும் பொய் என்றும் தள்ளிவிட முடியாது. 2011-இல் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கொட்டலசின் இளம் உயிரிகள் ஒட்டுவதை இவ்வொலி குறைப்பதை ஆய்வகத்தில் கண்டனர். 23 கிலோஹெர்ட்ஸ் ஒலி, உயர்ந்த அதிர்வெண்களைவிட நன்கு வேலை செய்தது. ஆயினும் குடியேறுமுன் தடுப்பது வேறு. இறுகிய ஓட்டைப் பெயர்ப்பது வேறு. சிறிய உலோகப் பரப்பில் பலன் தரக்கூடியது, பெரிய கப்பலில் தராமற் போகலாம். மரம் ஒலியை விழுங்கிவிடும். எனவே மர விசைப்படகுக்கு இது பொருந்தாது.

விளம்பரத்தில் இந்த வேறுபாடுகள் ஒன்றும் இல்லை. ‘சுத்தமான’ ஒரு கப்பலின் படம் மட்டுமே உள்ளது. கருவியில்லாத மற்றொரு கப்பல், அதே துறைமுகத்தில், அதே காலம் நின்று எப்படியிருந்தது? அந்த ஒப்பீடு இல்லாத படம் சான்றாகாது. கடன் வாங்கிப் படகோட்டுபவர் இதை நம்பி வண்ணம் பூசுவதை நிறுத்தினால், கருவிக்கும் செலவு, எரிபொருளுக்கும் செலவு.

மாணவனிடம் இரண்டு கேள்விகளைச் சொல்லி அனுப்பினேன்: “சதுர மீட்டருக்கு எத்தனை வாட்? ஒப்பிட்ட கப்பல் எது?” விற்பவரிடம் நீங்களும் கேளுங்கள்.